தாத்தாவின் பிஸ்டலுக்குப் பாலிஷ் வேண்டுமா?

தாத்தாவின் .32 வெப்ளி அண்ட் ஸ்காட் பிஸ்டல் இப்போது என் பெயரில், லைசென்ஸோடு. பர்மிங்ஹாமில் செய்தது; 1911-ல் லண்டன் மாநகரப் போலீசார் எடுத்துக்கொண்ட அதே ரகம். "நிறமெல்லாம் போயிடுச்சு, புதுசாட்டம் ஆக்கிடுப்பா" என்கிறார் சித்தப்பா.

எனக்கு மனசு வரவில்லை. புதிதாக ப்ளூயிங், அதாவது இரும்புக்குத் துரு தாங்கும் கருநீலப் பூச்சு, செய்ய வேண்டுமென்றால் முதலில் பழைய பூச்சை எடுத்து பாலிஷ் போட வேண்டும். சக்கரத்தில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே விளிம்புகள் மழுங்கும். கம்பெனி முத்திரையும் நம்பரும் தேயும். நம்பரை அழிப்பது 1959 ஆயுதச் சட்டம் 8-ம் பிரிவின்படி குற்றம். பழைய பொருள் சேகரிப்பவர்களும் அசல் பூச்சு போனதை அவ்வளவாக மதிப்பதில்லை.

குழாய் முனையில் ஒரு பக்கம் மட்டும் இரும்பு வெளுத்திருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைக்க, தாத்தா அதே தோல் உறையில் செருகி எடுத்துப்போன தேய்மானம் அது. அதைப் போய் எப்படிக் கறுப்பாக்குவது?

சரி, துருவை விட முடியாது. ஈரம் இழுக்கும் அந்த உறையிலிருந்து எடுத்தாயிற்று. லைசென்ஸ் உள்ள பட்டறையில் உள்பாகங்களைச் சுத்தம் செய்து, ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொல்லப்போகிறேன். வெளியே மெல்லிய எண்ணெய்த் துணி மட்டும்தான். சித்தப்பாவிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடுகிறேன்.