தாத்தாவின் ஸ்னைப்பரும் என் ஓட்டை வாயும்

அப்பா மாசியில் இறந்தார். காரியம் முடிந்த கையோடு துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். லைசென்ஸ்காரர் போய்விட்டால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். ரசீது எழுதிய ஏட்டையா, "என்ன துப்பாக்கி தம்பி?" என்று கேட்டார். பேசாமல் லைசென்ஸ் புத்தகத்தை நீட்டியிருக்கலாம். "பர்மா சண்டைக்குப் போய் வந்த மிலிட்டரி ஸ்னைப்பர் சார்" என்றேன். அவர் "303 ரைபிள்" என்று எழுதிக் கொடுத்தார். நானும் படிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த மூன்று எண்களுக்காக ஏழு மாதம் அலைந்தேன்.

தாத்தா கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. சீமைக்குக் கப்பலேறிய துரை, முறைப்படி அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி இது. பார்த்தால் வெள்ளைக்கார ராணுவத்தின் லீ என்ஃபீல்ட் ரைபிளின் அதே ஜாடை. இடது பக்கம் இரண்டு திருகுத் துளைகள். தொலைநோக்கி மாட்டிய துளை என்று சித்தப்பா அடித்துச் சொல்வார். நாங்களும் நம்பித்தான் வளர்ந்தோம்.

லைசென்ஸை என் பெயருக்கு வாங்க வாரிசுச் சான்றிதழ், மேட்டுப்பாளையத்து அக்காவின் ஆட்சேபணையில்லாக் கடிதம், டாக்டர் சான்று, பயிற்சிச் சான்று, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தன. அப்புறம்தான் ஃபைல் ஒரு மேஜையில் போய் உட்கார்ந்தது. "புத்தகத்தில் 315 என்று இருக்கிறது, ரசீதில் 303 என்று இருக்கிறது. எது நிஜம்?" என்றார் அந்த மேஜைக்காரர். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. "303 என்றால் தடை செய்யப்பட்ட போர், அதாவது குழல் அளவு. உள்துறை அமைச்சகம்தான் லைசென்ஸ் தர வேண்டும். டெல்லிக்கு எழுதுங்கள்" என்று ஃபைலை மூடிவிட்டார். அடுத்த இரண்டு தடவை போனபோதும் அதே பதில். மூன்றாவது தடவை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். ராணுவம் பயன்படுத்திய 303 போரைப் பொதுமக்கள் வைத்திருக்க வெள்ளைக்காரனும் விடவில்லை, நம் சட்டமும் லேசில் விடுவதில்லை. அதற்காகவே அதே லீ என்ஃபீல்ட் அமைப்பில், வேறு தோட்டா போடும் 315 ரைபிள்களை இந்தியச் சந்தைக்கென்று செய்தார்கள். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உங்கள் வீட்டிலும் "மிலிட்டரி துப்பாக்கி" இருந்தால், முதலில் பேரலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தாத்தா கதையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

போலீஸ் ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரர் பார்த்து எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஒரு ரிட்டயர்டு எஸ்.ஐ. வழி சொன்னார். மே மாதம் போனேன். மலர்க் கண்காட்சி பந்தோபஸ்து, ஆள் இல்லை. அரை நாள் பஸ்ஸில் போனது. இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன்.

ஆர்மரர் ஐம்பது வயதுக்காரர். துளைகளைப் பார்த்ததும் சிரித்தார். "ஸ்னைப்பர்னு யார் சொன்னது? இது பீப் சைட் மாட்டின துளை, சின்ன ஓட்டை வழியாக் குறி பாக்கிற தகடு." லீ என்ஃபீல்டின் ஸ்னைப்பர் ரகமான நிஜமான நம்பர் 4 டி-யை எப்படி அடையாளம் பார்ப்பது என்று சொல்லிக்கொண்டே போனார். தொலைநோக்கியின் பிராக்கெட்டைத் தாங்க, பாடியின் (பேரல் வந்து சேரும் இரும்புப் பகுதியின்) இடது பக்கம் தனியாக இரண்டு பேடுகள், அதாவது இரும்புத் திண்டுகள், வைத்திருப்பார்கள். அங்கேயே 'டி' என்ற எழுத்து அடித்திருக்கும். தோளில் வைக்கும் மரக்கட்டையில் கன்னம் வைக்க ஒரு மரத்துண்டு திருகியிருக்கும். பிடிப்பகுதியின் மேல் தொலைநோக்கியின் நம்பர் இருக்கும். லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டில் மாற்றியது என்றால் கட்டையின் அடியில் 'எஸ் 51' இருக்கும். எங்களுடையதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

கையோடு நீலகிரித் தைலம் கொண்டு போயிருந்தேன். பஞ்சில் நாலு சொட்டு விட்டு, பேரல் பாடியில் இறங்கும் இடத்தில் அவர் தேய்த்தார். அறை முழுக்கத் தைல வாசம். எழுபது வருடத்துப் பழைய எண்ணெய் கறுப்பாகக் கரைந்து வந்தது. முதலில் மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய பி.எஸ்.ஏ. கம்பெனி முத்திரை. அதற்குக் கீழே கிரீடம், என்.பி. எழுத்து, சுட்டுச் சோதித்ததற்கான முத்திரை. இன்னும் கொஞ்சம் தேய்த்ததும் 3. அப்புறம் 1. கடைசியில் 5. குடும்பப் பெருமை அங்கேயே செத்தது. எனக்கோ அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அவர் எழுதித் தந்த தாளை வைத்து ஸ்டேஷனில் ரசீதைத் திருத்தினோம். ஏட்டையா, "நீதானே தம்பி சொன்னே" என்றார். சொன்னது நான்தான். ஐப்பசி மழையில் லைசென்ஸ் வந்தது. ரசீது வாங்கும்போது போரையும் நம்பரையும் லைசென்ஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நகருங்கள். நான் பட்டது போதும்.

துப்பாக்கி வீட்டுக்கு வந்ததும் இன்னொரு அதிர்ச்சி. தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் நகரவில்லை. அப்பா வருடாவருடம் தேங்காய் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். கோத்தகிரிக் குளிரில் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்? பல வருட எண்ணெய் பிசினாகி போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. தோல் உறையிலேயே வைத்திருந்ததால், உறை உரசிய இடமெல்லாம் துரு வேறு. மழைக்காலத்தில் தோல் உறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள், தோல் ஈரத்தைக் குடித்து இரும்பில் கக்கும்.

துருவுக்கு உப்புத்தாள் போடத் துணிந்த என் கையைத் தட்டிவிட்டவர் கோயமுத்தூர் டீலர். முத்திரையும் போய்விடும், மதிப்பும் போய்விடும் என்றார். மிக மெல்லிய ஸ்டீல் உல் (இரும்பு நார்), துப்பாக்கி எண்ணெய், பொறுமை, அவ்வளவுதான். கட்டையில் இருந்த விரிசலை மட்டும் அவரிடம் கொடுத்தேன். ரிப்பேருக்கும் லைசென்ஸ் உள்ளவரிடம்தான் போக வேண்டும், தச்சரிடம் போகாதீர்கள். மரத்துக்கு ஆளி விதை எண்ணெய், துணியில் தொட்டு, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது. இந்த ஊர் ஈரத்தில் ஒரு பூச்சு காய நாலு நாள் பிடித்தது.

போன வாரம் சித்தப்பா வந்தார். 315 என்ற எண்ணைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "பேரலை மாத்தியிருப்பாங்கடா" என்றார்.