திருவாலங்காடு: இரண்டு பேய்ப் பெண்களின் ஊர்

சின்ன வயதில் நான் அழும்போதெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர், "நீலிக் கண்ணீர் வடிக்காதே" என்று அதட்டுவார்கள். ஆயாவுக்கு மட்டும் அந்தச் சொல் பிடிக்காது. "விளக்கு வைக்கிற நேரத்துல அந்தப் பேரை எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள். அந்தப் பேருக்கு உரியவள் யார் என்று ஒரு நாள் கரண்ட் இல்லாத ராத்திரியில், திண்ணையில் வைத்துச் சொன்னாள். அன்றைக்கு நான் தூங்கவில்லை. அதற்கப்புறம் பல வருஷம், ஆலமரத்தைத் தாண்டும்போது விழுதுகளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவேன்.

ஆயா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீலியின் ஊருக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. கடைசிவரை அமையவில்லை. இந்த மாசி மாதம் அவள் மகளோடு, அதாவது என் அத்தையோடு, நான் போய்வந்தேன்.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் மணவூர் தாண்டியதும் திருவாலங்காடு. சுமார் 60 கிலோமீட்டர்தான். நிலையத்திலிருந்து கோயிலுக்கு ஆட்டோ கிடைக்கும். மாந்தி (ஜாதகத்தில் சொல்லும் ஒரு துணைக் கிரகம்) பரிகாரத்துக்காகச் சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகமாக வரும் என்பதால் நாங்கள் வேறு நாளாகப் பார்த்துப் போனோம்.

ரயிலில் அத்தை ஆயாவின் கதையை மறுபடி சொல்லிக்கொண்டு வந்தார். அதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையைத் தெரிந்துகொண்டு போனால்தான் அந்த ஊரின் மண் பேசும்.

காஞ்சிபுரத்து அந்தணன் ஒருவன் காசிக்குப் போகிறான். ஊரில் மனைவி இருப்பதை மறைத்து அங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். திரும்பும்போது அவளும் வருகிறாள், துணைக்கு அவள் அண்ணனும் வருகிறான். ஊர் நெருங்க நெருங்க இவனுக்கு உதறல். ஆலங்காட்டுக்கு வந்ததும் அண்ணனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு அவளைக் கொன்றுவிடுகிறான். திரும்பி வந்து பார்த்த அண்ணன் அங்கேயே தூக்குப் போட்டுக்கொள்கிறான்.

அடுத்த பிறவியில் கொன்றவன் காஞ்சியில் ஒரு செட்டியார் வீட்டுப் பிள்ளை. பேயால் ஆபத்து என்று ஜாதகத்தில் இருந்ததால் கையில் எப்போதும் ஒரு மந்திரக் கத்தி. வியாபாரத்துக்காக அவன் ஆலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பழையனூருக்கு வருகிறான். அவள் நீலி என்ற பேயாகக் காத்திருக்கிறாள். கள்ளிக் கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போகிறாள். பழையனூர் வேளாளர் 70 பேர் கூடியிருந்த சபையில் விழுந்து அழுகிறாள். "இவர் என் புருஷன், என்னை வேண்டாம் என்கிறார்." இடுப்பிலிருந்து இறங்கிய குழந்தை அவனைப் பார்த்து "அப்பா" என்கிறது. அவன் இவள் பேய் என்று கதறுகிறான். யார் நம்புவார்கள்? ராத்திரி இருவரும் ஒரே வீட்டில் தங்கட்டும் என்கிறார்கள். "கையில் கத்தி வைத்திருக்கிறாரே, என்னைக் கொன்றுவிடுவாரே" என்று அவள் மறுபடி அழ, கத்தியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். "உனக்கு ஒன்று ஆனால் நாங்கள் 70 பேரும் உயிரைக் கொடுக்கிறோம்" என்று அவனுக்கு வாக்கும் கொடுக்கிறார்கள். விடிந்து கதவைத் திறந்தால் அவன் பிணம். அவளைக் காணோம். 70 பேரும் தீ வளர்த்து இறங்குகிறார்கள்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பேய் பற்றிச் சொல்லும் எல்லாவற்றிலும் இரும்பு வரும். ராத்திரியில் யாராவது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டால் கையால் கொடுக்கக் கூடாது, கத்தி முனையில் வைத்து நீட்ட வேண்டும். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் ஒரு இரும்புத் துண்டு. புளியமரத்தில் அடித்த ஆணி. ஆயா கதை சொல்லும்போது கத்தியை வாங்கி வைத்த இடத்தில் சற்று நிறுத்துவாள். "கையில இரும்பு இருந்தவரைக்கும் அவளால கிட்ட வர முடியல பாத்துக்க" என்பாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொல்வாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அத்தைக்கும் நினைவிருந்தது.

"கத்தியால என்னைக் கொன்னுடுவான்னு அவ அழுதாளே, அது பொய்யாடி? போன பிறவியில கொன்னவன்தானே அவன்?"

கோயிலுக்குள் நேராகப் போகக் கூடாது. குளக்கரையில் இருக்கும் காளியை முதலில் கும்பிட வேண்டும். ஆலங்காடு முதலில் அவள் இடம். ஈசனோடு போட்டி போட்டு ஆடினாள். ஆடும்போது காதிலிருந்து விழுந்த குண்டலத்தை ஈசன் கால் விரலாலேயே எடுத்து, காலை உயரத் தூக்கிக் காதில் மாட்டிக்கொண்டார். அந்த ஊர்த்துவ தாண்டவத்துக்கு ஈடாகக் காளியால் ஆட முடியவில்லை. தோற்றாலும் முதல் மரியாதை அவளுக்குத்தான். அத்தை எலுமிச்சம்பழம் வைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் நின்றார்.

உள்ளே மூலவர் வடாரண்யேஸ்வரர், அம்பாள் வண்டார்குழலி. வடாரண்யம் என்றாலும் ஆலங்காடு என்றாலும் ஒன்றுதான். சின்ன வயதில் என்னை ஓட வைத்த அதே ஆலமரங்களின் காடு. தரிசனம் முடித்து ரத்தின சபைக்கு வந்தோம். ஈசன் ஆடிய ஐந்து சபைகளில் இது ஒன்று. சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், குற்றாலம் சித்திரம், இங்கே ரத்தினம். நடராஜர் பக்கத்தில் அம்பாள் கன்னத்தருகே விரலைக் கொண்டுபோய் வியந்தபடி நிற்கிறாள். தீபாராதனையின்போது அந்த விரலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் அப்போதுதான் நடப்பதுபோல இருந்தது.

ஆனால் நான் தேடி வந்தது அங்கே இருக்கும் இன்னொருவரை. காரைக்கால் அம்மையார்.

அவர் கதை எல்லோருக்கும் தெரியும். புனிதவதி என்ற பெண், ஈசன் அருளால் அவர் கையில் வந்த மாங்கனி, அதைக் கண்டு பயந்துபோன கணவன். கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போய், பாண்டிய நாட்டில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிறந்த மகளுக்கு இவர் பேரையே வைத்தான். உறவினர்கள் இவரைக் கொண்டுபோய் அங்கே விட்டபோது குடும்பத்தோடு இவர் காலில் விழுந்தான். அப்போதுதான் அம்மையார் ஈசனிடம் கேட்டார், இவனுக்காகச் சுமந்த இந்த அழகும் சதையும் இனி எதற்கு, பேய் வடிவம் கொடு என்று. கயிலைக்குத் தலையால் நடந்து போனார். ஈசன் "அம்மையே" என்று அழைத்தார். பிறவாமை வேண்டும், பிறந்தால் உன்னை மறவாமை வேண்டும், நீ ஆடும்போது உன் அடியின் கீழ் இருக்க வேண்டும் என்று வரம் கேட்டார். கிடைத்த இடம் இந்த ஆலங்காடு.

இத்தனை தடவை கேட்ட கதைதான். ஆனால் சபையின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நீலியும் கணவனை நம்பி வந்தவள், புனிதவதியும் கணவனுக்காக வாழ்ந்தவர். இரண்டு கணவன்மாருக்கும் இன்னொரு மனைவி. இரண்டு பெண்களும் பேயானார்கள், இருந்ததும் ஒரே காட்டில். ஒருத்தி விட்டகுறை தீர்க்க மறுபடி வந்தாள். இன்னொருவர் இனி வரவே கூடாது என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். இதை அத்தையிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கைப்பையிலிருந்து பதிகப் புத்தகத்தை எடுத்தார்.

அம்மையாரின் மூத்த திருப்பதிகம் இரண்டும் இங்கே பாடியவை, பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. அம்மையார் அதில் தன்னைக் "காரைக்கால் பேய்" என்றே சொல்லிக்கொள்கிறார். எட்டி, இலவம், சூரை, காரை என்று சுடுகாட்டுச் செடிகொடியின் பேரெல்லாம் வரும். ஒரு பாட்டில் ஒரு பேய் கள்ளியின் கவட்டில் காலை நீட்டிக்கொண்டு, கொள்ளிக்கட்டைக் கரியை மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. வெடுவெடென்று சிரிக்கிறது. எதையோ கண்டு வெருண்டு துள்ளுகிறது, பிணத்தீ சுட்டுவிடுகிறது. கோபத்தில் புழுதியை வாரிப் போட்டு அந்தத் தீயை அவிக்கிறது. கிட்ட உட்கார்ந்து பார்த்தவர் சொல்வதுபோல் இருக்கிறது.

அத்தை மெதுவாகப் பாடிக்கொண்டே வந்து ஒரு பாட்டில் நின்றுவிட்டார். தாய்ப்பேய் தன் பிள்ளைக்குக் காளி என்று பேர் வைத்து வளர்க்கிறது. அதன் மேலிருக்கும் புழுதியைத் துடைத்துவிட்டு, பால் கொடுத்துவிட்டுப் போகிறது. போன தாய் திரும்பி வரக் காணாமல் அந்தப் பேய்க் குழந்தை அழுது அழுது தூங்கிப்போகிறது. அந்தப் புறங்காட்டில்தான் எங்கள் அப்பன் ஆடுகிறான் என்று முடியும். "புழுதி துடைத்து" என்ற இடத்தில் அத்தையின் குரல் உடைந்தது. பேய்ப் பிள்ளைக்கும் முகம் துடைத்துவிட ஒரு தாய் இருக்கிறாள் என்று பார்த்தவர் நம் அம்மையார். அதுவரை நான் பேய் என்றால் பயப்பட மட்டுமே கற்றிருந்தேன்.

பழையனூர் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த இரண்டு ஊரும் பிரிக்க முடியாதவை. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், மொத்தம் 31 ஏடுகள், ராஜேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்ததைத்தான் சொல்கின்றன. சோழர் வரலாறு எழுதுகிறவர்கள் அதில் அரச வம்சத்தைத் தேடுவார்கள். எனக்கு அதில் நீலியின் ஊர் சாமிக்குச் சொந்தமான செய்திதான் பெரிது.

அதற்கும் முன்னால், ஏழாம் நூற்றாண்டில், திருஞானசம்பந்தர் இங்கே வந்தார். அம்மையார் தலையால் நடந்த மண்ணை மிதிக்க அஞ்சிப் பழையனூரிலேயே தங்கினார். கனவில் ஈசன் வந்து "நம்மைப் பாட மறந்தாயோ" என்று கேட்க, எழுந்து பாடினார். அந்தப் பதிகத்தின் முதல் பாட்டிலேயே, வஞ்சம் செய்து உயிரைக் கொண்ட ஒருத்தியின் கதையைக் கேட்டு அஞ்சும் பழையனூர் என்று வருகிறது. 1,300 வருஷத்துக்கு முன்னாலேயே இந்த ஊர் அவளை நினைத்துப் பயந்துகொண்டிருந்தது! சேக்கிழாரும் பெரியபுராணத்தில் தொண்டை நாட்டின் பெருமையாக, வணிகனுக்குக் கொடுத்த சொல்லை உயிர் கொடுத்துக் காத்த பழையனூராரைப் பாடுகிறார். சமணர்களோ நீலியை வேறு விதமாகக் கொண்டாடினார்கள். அவர்களுடைய நீலகேசி காப்பியத்தில் இதே பழையனூர் நீலி முனிவர் ஒருவரைப் பயமுறுத்தப் போய், அவருடைய அமைதிக்கு முன்னால் தோற்று, கொல்லாமையை ஏற்றுக்கொள்கிறாள். பின்பு ஊர் ஊராகப் போய் வாதம் செய்து ஜெயிக்கிறாள்.

வேளாளர்கள் தீயில் இறங்கிய இடத்தில் மண்டபம் இருக்கிறது. எதிரே சாட்சிபூதேஸ்வரர். ஊரே ஏமாந்த ஒரு வழக்கில் சாமியைச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிலிர்த்தது. நெருப்பில் நிற்பவர்களாகச் சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள். கைகூப்பிக் கும்பிட்டேன். தப்புத் தீர்ப்புச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்ததும் ஒருவர்கூட விலகவில்லையே. இந்தக் காலத்தில் ஒரு சொல்லுக்காக யார் இப்படி நிற்பார்கள் என்று அத்தை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறிவிட்டது. உச்சிப்பொழுதில் பூ வைத்துக்கொண்டு வெட்டவெளியில் நிற்கக் கூடாது என்று ஆயா சொல்வாள். அத்தை தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்தார். பயந்துதான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அவர் அதை நடுவே கிள்ளி, ஒரு பாதியை மண்டபத்து ஓரத்தில் வைத்தார். மறு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அவளுக்கு எங்க வைக்கிறது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆட்டோக்காரரிடம் கேட்டோம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீலிக்கா?" என்று கேட்டாரே தவிர இடம் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் வயல் வேலி ஓரத்தில் ஒரு கள்ளிப் புதர் தெரிந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி அத்தை இறங்கிப் போனார். கிளை பிரியும் இடத்தில் அந்தப் பாதிச் சரத்தைச் செருகினார். ஒரு முள் குத்தி விரலில் ரத்தம் வந்தது, ஒடிந்த நுனியிலிருந்து பாலும் கையில் பட்டிருந்தது. "எங்கம்மா வந்திருந்தாலும் இதைத்தான் பண்ணியிருக்கும்" என்றார். நான் பாட்டில் தண்ணீரை அவர் கையில் ஊற்றினேன்.