பாலம் எதுக்கு சார்?

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இருபது வருஷம் வரலாறு நடத்தினேன். அதில் பாதிக் காலம் சோவியத் ராணுவக் கோட்பாட்டை ஒரே வரியில் முடித்துவிடுவேன்: 1987-க்கு முன் தாக்குதல், பின் தற்காப்பு. பிள்ளைகளும் அப்படியே எழுதினார்கள், நானும் மார்க் போட்டேன்.

ஒருநாள் கடைசி பெஞ்சில் கல்லிடைக்குறிச்சிப் பையன் ஒருவன் எழுந்தான். "அதுக்கு முன்னாடி, நாங்க தாக்கப் போறோம்னு அவங்களே சொல்லிக்கிட்டா இருந்தாங்க சார்?"

"உட்காருலே" என்று சமாளித்துவிட்டு நூலகத்துக்குப் போனேன்.

பையன் கேட்டது சரிதான். மாஸ்கோ எந்தக் காலத்திலும் தன்னுடையது தற்காப்பு என்றுதான் சொல்லிவந்தது. கோட்பாட்டுக்கு இரண்டு பக்கம். அரசியல் பக்கம், போரை நாங்கள் தொடங்கமாட்டோம் என்றது. ராணுவத் தொழில்நுட்பப் பக்கமோ, மூண்டுவிட்டால் எதிரி மண்ணுக்குள் பாய்ந்து முடி என்றது. 1941-ல் ஜெர்மனி உள்ளே புகுந்து செய்த நாசத்தைப் பார்த்தவர்கள் அப்படி நினைத்ததில் நியாயமும் உண்டு. ஆனால் மேற்கு ஜெர்மனியில் இருந்தவன் கண்ணில் பட்டதெல்லாம் எதிரே நின்ற சோவியத் டாங்கிகள்தான்.

மறுவாரம் போர்டில் தாமிரபரணியை வரைந்தேன். இந்தப் பக்கம் கொக்கிரகுளம், அந்தப் பக்கம் ஜங்ஷன், நடுவில் சுலோச்சன முதலியார் பாலம். பாலத்தை மட்டும் டஸ்டரால் அழித்தேன்.

"பாளையங்கோட்டைக்காரன் தற்காப்புக்குத்தான் படை வச்சிருக்கேங்கான். அவன்கிட்ட என்னென்ன இருந்தா நம்புவீங்க?"

கண்ணிவெடி, பதுங்குகுழி, டாங்கியை அடிக்கிற ஏவுகணை என்று அடுக்கினார்கள்.

"சரி, கட்டுக்கட்டா மிதவைப் பாலம் இருந்தா?"

"இக்கரையைக் காக்கிறவனுக்குப் பாலம் எதுக்கு சார்?" அதே பையன்தான்.

அப்புறம்தான் 1988 டிசம்பர் 7 அன்று ஐ.நா. சபையில் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் பேசியதை எடுத்தேன். 5 லட்சம் வீரர்கள் குறைப்பு. கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரியிலிருந்து 1991-க்குள் 6 டாங்கி டிவிஷன்கள் வாபஸ். பரீட்சையில் எல்லோரும் இதை எழுதிவிடுவார்கள். படை ஆற்றைக் கடக்க வழிசெய்யும் பிரிவுகளும் திரும்பும் என்று அதே பேச்சில் இருப்பதை எவரும் எழுதுவதில்லை. எனக்கென்னவோ, 1987-ல் சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்த நாடுகள் பெர்லினில் வெளியிட்ட தற்காப்புப் பிரகடனத்தைவிட இந்த ஒரு வரிதான் பெரிதாகப் படுகிறது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி விடவில்லை. "அப்ப குர்ஸ்க் சண்டை சார்? 1943 ஜூலையில ஜெர்மன் படையை முதல்ல தடுத்துத்தானே நின்னாங்க. ஒரு வாரத்துல திருப்பி அடிக்கலையா? விரட்டிக்கிட்டுப் போறதுக்குப் பாலம் வேணும்லா?"

வேண்டும்தான். எண்பதுகளின் கடைசியில் சோவியத் ஆட்களே அதே குர்ஸ்க்கை வைத்துத்தான் மல்லுக்கட்டினார்கள். தடுத்தால் மட்டும் போதுமா? துரத்தினால் எல்லையோடு நிற்பதா, தாண்டிப் போவதா? அந்தப் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் நேரான பதில் இல்லை. அதற்குள் பெல் அடித்துவிட்டது.

அடுத்த வகுப்புக்கு வந்த கணக்கு வாத்தியார் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாலத்தை எங்கய்யா?"