‘பணியால் நேர்ந்த மரணம்’ என்ற ஒரு வரி

இராணுவத்தின் பாரா சிறப்புப் படையில் நாயக்காக இருந்த என் அக்காள் கணவர், பாராசூட் பயிற்சியில் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். சண்டையில் இறந்தால்தான் அரசு கவனிக்கும், பயிற்சியில் போனால் ஒன்றும் கிடைக்காது என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அது உண்மையன்று. இராணுவ விசாரணைக் குழு அந்த மரணம் பணியின் காரணமாக நேர்ந்தது என்று பதிவு செய்துவிட்டால், கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் 60 சதவீதம் சிறப்புக் குடும்ப ஓய்வூதியமாக மனைவிக்குக் கிடைக்கும். பணியின்போது விபத்தில் இறந்தவர்களுக்கான மத்திய அரசின் கருணைத்தொகை 25 லட்சம் ரூபாயும் உண்டு. தீவிரவாதிகளுடனோ எதிரிகளுடனோ மோதி இறந்திருந்தால் ஓய்வூதியம் முழுச் சம்பளமாக இருந்திருக்கும். வானிலிருந்து குதிப்பதையே வேலையாகக் கொண்டவர்களுக்கு இந்தப் பாகுபாடு பொருந்துமா என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு.

விசாரணை முடிவு வரும்வரை காத்திருந்ததைவிட எங்களை அதிகம் அலைக்கழித்தது அக்காவின் இனிஷியல்தான். படைவீரரின் குடும்ப விவரங்களை இராணுவம் பதிவுசெய்யும் ஆணையான பார்ட் டூ ஆர்டரில், அவர்கள் திருமணத்தைப் பதிந்த இடத்தில், கணவரின் இனிஷியலும், ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் அப்பாவின் இனிஷியலும் இருந்தன. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இது சாதாரணம். ஓய்வூதியம் வழங்கும் ஸ்பர்ஷ் இணையதளத்துக்கோ அவர்கள் இரண்டு வேறு பெண்கள். அக்காள் கணவரின் உடைமைகளைக் கொண்டுவந்த ஹவில்தார், பட்டியலில் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து அக்காவிடம் கையொப்பம் வாங்கினார்; கறுப்பு டிரங்குப் பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே, அந்த ஆர்டரின் நகல் இருந்தது. அதையும் திருமணப் பதிவுச் சான்றிதழையும் வைத்து, இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக, படைவீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் இராணுவ ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பினோம். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் அதே பெயர், அதே எழுத்துக்கூட்டலில் இருக்கும்படி முன்கூட்டியே கேட்டு வாங்கியது பெரிதும் உதவியது.

அக்காவின் மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். தொழிற்படிப்பில் சேரும் முன்னாள் படைவீரர் குடும்பப் பெண்களுக்குப் பிரதமரின் கல்வி உதவித்தொகை மாதம் 3,000 ரூபாய். பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பணியின் காரணமாக இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதில் தனி முன்னுரிமைப் பிரிவு இருப்பதால், விசாரணைக் குழுவின் அந்த முடிவை அங்கும் காட்டியாக வேண்டும்.