ஒரு மணிக்கு டியூட்டி மாறும்போது

"முதல்ல செய்வம் தங்கச்சி, பிறகு பார்ப்பம்." வாட்டுப் பொறுப்பு சிஸ்டராக நான் இளைய தாதி ஒருத்தியிடம் சொன்ன இந்த ஒரு வரி இன்னும் என்னை விடவில்லை.

மேசையில் நின்று நோயாளியின் கட்டில் குறிப்பேட்டை வாசித்து டியூட்டி ஒப்படைப்பதை விட்டு, கட்டில் கட்டிலாகப் போய் ஒப்படைக்கும் முறையைக் கொண்டுவந்தேன். அது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 'சேலைன் போகிறது' என்று எழுதியிருக்கும். போய்ப் பார்த்தால் கெனுலா, சேலைன் ஏற்றும் ஊசிக்குழாய், விலகிக் கை வீங்கியிருக்கும். முதல் வாரத்திலேயே அப்படி மூன்றைப் பிடித்தோம்.

அந்தத் தாதி மறுக்கவில்லை, கேட்டாள். "சிஸ்டர், பகல் விசிட்டிங் முடியிறதே ஒரு மணிக்கு. நாமளும் அப்பதான் மாறுறம். பக்கத்துக் கட்டில் ஆக்களும் அதே ஊரா இருந்தா?"

உளவியலாளர் கர்ட் லெவின் 1947 இல் எழுதியதைப் பயிற்சியில் படித்திருந்தேன். பழக்கத்தை முதலில் இளக்க வேண்டும், பிறகு மாற்ற வேண்டும், கடைசியில் உறையவைக்க வேண்டும். மாற்றத்தை எதிர்த்து இழுக்கும் விசைகளைப் பற்றியும் அதில் உண்டு. அவள் கேட்டதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

பத்து நாளில் மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். எதற்காக வந்தாள் என்பதை இங்கும் எழுத மாட்டேன். கட்டிலடியில் அது சத்தமாகவே சொல்லப்பட்டது. அடுத்த கட்டிலுக்குச் சோறு கொண்டுவந்த அம்மா, பார்சலைப் பிரிக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார். பிள்ளை போர்வையை முகத்துக்கு மேல் இழுத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மறுநாள் அவளுடைய தாய் வந்து, "கதை ஊருக்குள்ள போயிட்டு மிஸ்ஸி" என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே மாற்றினோம். மறைக்க வேண்டியதை மேசையில் மெதுவாகச் சொல்வது, கட்டிலடியில் சேலைன், டிரெசிங், யூரின் பேக் போல கண்ணால் பார்க்க வேண்டியவற்றை மட்டும் பார்ப்பது. ஐந்து நிமிடத்தில் முடிந்த திருத்தம்.

எல்லாருடைய கேள்வியும் தீரும்வரை காத்திருந்தால் வாட்டில் ஒன்றும் மாறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மைதான். ஆனால் அந்தத் தாதி வேண்டாம் என்றா சொன்னாள்? நேரத்தைப் பற்றித்தானே கேட்டாள். அந்த மூன்று வீங்கிய கைகளையும் போர்வைக்குள் இருந்த முகத்தையும் ஒரே கணக்கில் வைத்துக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் மருந்து ட்ரொலியை மாற்றுவது பற்றிப் பேசக் கூடினோம். குறை இருந்தால் சொல்லுங்கள் என்று அவளைப் பார்த்தே கேட்டேன்.

"ஓம் சிஸ்டர், செய்வம்" என்றாள்.