கோழி அடையும் நேரம்

சிங்கப்பூர் ஈசூனில் நாங்கள் இருப்பது வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு, அங்கே கோழி வளர்க்க அனுமதி கிடையாது. அக்காவுக்கு ஜாலான் காயு பக்கம் தரைவீடு. தரைவீட்டில் 10 கோழி வரை வளர்க்கலாம், வெளிப் பறவைகள் நுழையாதபடி கூரையும் வலையும் ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டும், பறவைக் காய்ச்சல் பயம்தான் காரணம். ஐந்து குஞ்சு வாங்கி வந்தது அத்தான், ஒரே வாரத்தில் அதை மறந்துபோனதும் அத்தான். வேலை முடிந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துக்கொள்வது நான்.

குஞ்சாக இருந்தவரை தொல்லையே இல்லை. அட்டைப்பெட்டி, மேலே ஒரு பல்பு. முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம் என்பது கணக்கு. நம் ஊர் வெக்கைக்கு அதெல்லாம் எங்கே! பல்பை விட்டு ஓரமாய் ஒதுங்கி வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, இரண்டாம் வாரமே பகலில் அணைத்துவிட்டேன்.

ஆறு வாரத்தில் இறகு முளைத்ததும் பக்கவாட்டில் வலை கட்டிய இடத்துக்கு மாற்றினேன், உள்ளே மரக்கூடு. கதவைத் திறந்துவைத்தால் இருட்டியதும் தானாகப் போய் அடையும் என்று நம்பிவிட்டேன். ஏழரைக்குப் போய்ப் பார்த்தால் ஐந்தும் அத்தானின் பழைய சைக்கிள் மேல், மூன்று ஹேண்டில்பாரில், இரண்டு கேரியரில். ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட்டேன். மறுநாளும் சைக்கிள்தான். மூன்றாம் நாள் விடியற்காலையில் சுமத்ரா காற்று மழையோடு அடித்து, சாரலில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின என்று அக்கா காலையிலேயே போன் போட்டுத் திட்டினாள்.

அப்பா செம்பவாங் கம்பத்தில், அதாவது அந்தக் கால கிராமத்தில், வளர்ந்தவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "கம்பத்துல கோழிக்கு யாரு பாடம் எடுத்தா? தாய்க்கோழி முன்னால போகும், குஞ்சு பின்னால போகும், அவ்ளோதான். உன் கோழிக்குத் தாய் எங்க இருக்கு?" சரிதான். பெட்டியில் வளர்ந்த குஞ்சுக்கு உயரமான இடத்தில் ஏறி உட்காரவேண்டும் என்று மட்டும் உடம்பு சொல்லும். அந்த இடம் எது என்று காட்ட ஆள் வேண்டும்.

அதனால் ஒரு வாரம் முழுக்க கூட்டுக்குள்ளேயே அடைத்துவைத்தேன், தீனி தண்ணீர் எல்லாம் உள்ளே. பாவமாகத்தான் இருந்தது. எட்டாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திறந்துவிட்டேன், அதுவும் மதியத்துக்கு மேல் தீனி வைக்காமல். அரிசிக் குருணை போட்ட மைலோ டின்னைக் குலுக்கி "பா பா பா" என்று கூப்பிட்டால் ஓடி வந்தன, கூட்டு வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தன, திரும்பி சைக்கிளுக்கே போயின!

எரிச்சலில் நானே முட்டி போட்டுத் தலையைக் கூட்டுக்குள் விட்டுப் பார்த்தேன். உள்ளே கும்மிருட்டு. வெளியே தெருவிளக்கு எரிந்து சைக்கிள் இருக்கும் மூலை பளிச்சென்று இருந்தது. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, வெளிச்சத்தை விட்டுவிட்டு அந்தக் குகைக்குள் அது ஏன் போகப்போகிறது? பேட்டரி விளக்கு ஒன்றை உள்ளே தொங்கவிட்டேன். அன்றைக்கே மூன்று உள்ளே போய்விட்டன. எல்லாம் கழியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விளக்கை அணைக்க வேண்டும், அதற்கு முன்னால் அணைத்தால் தட்டுத்தடுமாறித் தரையில் கிடக்கும். விடிய விடிய எரியவிடவும் கூடாது, அவை தூங்க வேண்டாமா.

கழி விஷயத்திலும் தப்பு செய்திருந்தேன். துணி காயப்போடும் மூங்கிலை வெட்டி வைத்தேன், உருண்டையாக இருந்ததால் வழுக்கியது. இப்போது இரண்டு அங்குல அகலத்தில் தட்டைக் கட்டை. முட்டையிட வைத்த பெட்டி அந்தக் கட்டையைவிட உயரத்தில் இருந்ததால் இரண்டு அதிலேயே படுத்து அசிங்கம் செய்துகொண்டிருந்தன, அதை இறக்கிக் கீழே வைத்ததும் அந்தப் பழக்கமும் போனது.

இங்கே ஒரு வசதி, சூரியன் நம்மை ஏமாற்றாது. வருடம் முழுக்க ஆறே முக்காலிலிருந்து ஏழு இருபதுக்குள் மறைந்துவிடும். அந்த நேரத்துக்கு ஆள் அங்கே இருந்தால் போதும். எனக்கு அதுதான் கஷ்டம், வேலை இழுத்த இரண்டு நாள் அக்கா மகன் டின்னைக் குலுக்கினான், அவனிடமும் வந்தன. கதவைத் தாழ் போடாமல் மட்டும் நகரக் கூடாது. பக்கத்தில் பெரிய கால்வாய் ஓடுகிறது, மலைப்பாம்புக்கு அதுதான் ராஜபாட்டை.

ஐந்தில் ஒன்றுக்குக் கொண்டை சீக்கிரமே சிவக்கிறது. சேவலாக இருந்தால் வம்பு. 2017இல் சின் மிங் பக்கம் திரிந்த கோழிகளின் சத்தம் தாங்கவில்லை என்று புகார் போய், 24 கோழிகளைக் கொன்றது இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். அக்கம்பக்கத்தில் இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை.

நேற்று ஏழு பத்துக்கு நான் டின்னைத் தொடவே இல்லை, நான்கு தானாக உள்ளே போய்விட்டன. கொண்டை சிவந்தவர் மட்டும் இன்னும் சைக்கிள் கேரியரில்தான். இந்த சனிக்கிழமை சைக்கிளைத் தூக்கிப் போடச் சொல்லி அத்தானிடம் சொல்லியிருக்கிறேன், "நான் ஓட்டப்போறேன்"கிறார்.