ஒரே குச்சி, வேறு வேறு பொருள்

சேலம் பக்கத்துக் கஞ்சமலையின் மேல் அபாண்டமாக ஒரு பழியைப் போட்டிருந்தேன். போன வாரம்தான் அதைத் திரும்பப் பெற்றேன்.

நாலு மாதமாக நான்கு விசிறி டிரோன் ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறேன். 450 மில்லிமீட்டர் சட்டம், 10 அங்குல விசிறி, மூளையாக ஆர்டுபைலட் என்ற திறமூல மென்பொருள். அதில் பறக்கும் முறைகள் மட்டும் இருபதுக்கும் மேல். எனக்குத் தேவை நான்குதான்: ரிமோட்டின் மூன்று நிலை சுவிட்சில் ஸ்டெபிலைஸ், ஆல்ட் ஹோல்டு, லாய்ட்டர், இன்னொரு சுவிட்சில் வீடு திரும்பும் ஆர்டிஎல். பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டு, புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பறக்கவிட்ட இடம் இளம்பிள்ளைப் பக்கம், கடலை பிடுங்கி முடித்த மாமாவின் காடு. டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை என்று பார்த்துக்கொண்டுதான் போனேன். ஸ்டெபிலைஸில், ரிமோட்டில் உள்ள த்ராட்டில் குச்சி நேராக மோட்டாரின் விசை. மற்றக் குச்சியை விட்டால் டிரோன் சாயாமல் நிமிர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். காற்று தள்ளினால் தள்ளிய பக்கம் போகும். ஆல்ட் ஹோல்டில் அதே த்ராட்டில் குச்சி விசையைச் சொல்வதில்லை, ஏறும் இறங்கும் வேகத்தைச் சொல்கிறது. நடுவில் வைத்தால் உயரம் மாறாது. உயரத்தைப் பார்த்துக்கொள்வது காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர்.

இந்த வேறுபாட்டைப் படித்திருந்தேன். கைக்குத் தெரியவில்லை. இரண்டாம் நாள் ஆல்ட் ஹோல்டில் இறக்கிக்கொண்டிருந்தேன். குச்சி கிட்டத்தட்ட அடியில். மூன்று மீட்டர் உயரம் இருக்கும்போது, தரையிறக்கத்தை நானே செய்கிறேன் என்ற மிதப்பில் சுவிட்சை ஸ்டெபிலைஸுக்குத் தட்டினேன். ஒரு நொடிக்கு முன்புவரை ‘மெதுவாக இறங்கு’ என்று பொருள் தந்த குச்சி, அந்த நொடியில் ‘விசையே வேண்டாம்’ என்று சொல்லிவிட்டது. விசிறிச் சத்தம் சட்டென்று அடங்கியது. என் கட்டை விரல் அசைவதற்குள் சப்பென்று ஒரு சத்தம்.

“ஏன் மாப்பிள்ளை, கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி விழுகிறது?” என்றார் மாமா. ஒரு கால், இரண்டு விசிறி போயின. அன்றிலிருந்து, முறையை மாற்றும் முன் த்ராட்டில் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் சுவிட்சைத் தொடுவதில்லை.

இனி கஞ்சமலை. லாய்ட்டர் என்றால் ஜிபிஎஸ்ஸின் துணையோடு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். என்னுடையது நிற்கவில்லை. செக்கு மாடு போலச் சுற்றத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனது. காரணம் திசைகாட்டி என்பது தெரிந்த விஷயம். ‘வடக்கே ஒரு மீட்டர் நகர வேண்டும்’ என்று ஜிபிஎஸ் கணக்குச் சொன்னாலும், வடக்கு எது என்பதில் பிசகு இருந்தால் டிரோன் கோணலாகப் போகும், அதைத் திருத்தப் போய் இன்னும் கோணலாகும், அதுதான் சுற்று.

எதிரே இரும்புத் தாது நிறைந்த மலை. வேறு யாரைக் குற்றம் சொல்வது? நண்பர் ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், சேலம் முழுவதுமே மேக்னசைட் பூமி, இங்கே திசைகாட்டி எடுபடாது என்றார். மேக்னசைட்டுக்கும் காந்தத்துக்கும் பெயரில் மட்டுமே உறவு. அது மெக்னீசியம் கார்பனேட். காந்தத்தை ஈர்ப்பது கஞ்சமலையில் இருக்கும் மேக்னடைட். ஓர் எழுத்து வித்தியாசத்தில் நண்பர் ஊரையே காந்தமாக்கிவிட்டார்.

டிரோன் பதிந்து வைத்த பறப்புப் பதிவான லாகை மிஷன் பிளானர் என்ற கணினி மென்பொருளில் திறந்து, காந்தப்புல அளவையும் த்ராட்டிலையும் ஒரே வரைபடத்தில் போட்டேன். இரண்டு கோடுகளும் கைகோத்து ஏறி இறங்கின. மலை இரும்பு காரணமாக இருந்தால் நான் த்ராட்டிலைக் கூட்டுவதும் குறைப்பதும் அதற்கு எப்படித் தெரியும்? குற்றவாளி என் பேட்டரி வயர். கட்டுப்பாட்டுப் பலகைக்குள் இருக்கும் திசைகாட்டிக்கு நேர் கீழே அதைச் சுருட்டி வைத்திருந்தேன். மின்னோட்டம் கூடும்போதெல்லாம் வடக்கு நகர்ந்திருக்கிறது. ஜிபிஎஸ்ஸோடு சேர்ந்த வெளித் திசைகாட்டியை ஒரு கம்பத்தில் உயர்த்தி, உள்ளே இருந்ததை அணைத்து, மறுபடி அளவுதிருத்தம் செய்தேன். அதே காட்டில், அதே மலைக்கு எதிரில், லாய்ட்டரில் ஆணி அடித்தது போல நின்றது.

அடுத்தது ஏற்காடு. சித்தப்பா மேற்பார்வை பார்க்கும் காபித் தோட்டத்தில், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைவு. ஸ்டெபிலைஸில் அது உடனே கைக்குத் தெரிந்தது, குச்சியைக் கூடுதலாக ஏற்றினால்தான் அந்தரத்தில் நின்றது. ஆல்ட் ஹோல்டில் தெரியவே இல்லை. கூடுதல் விசையை அதுவே போட்டுக்கொண்டது.

பயந்தது ஆர்டிஎல்லுக்குத்தான். திரும்பும் உயரம் இயல்பாக 15 மீட்டர்; அங்கே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் 20 மீட்டரைத் தாண்டும். 40 என்று மாற்றினேன். நல்லவேளை, அலகைப் பார்த்தேன்: என் பதிப்பில் அது சென்டிமீட்டர். முழங்கால் உயரத்தில் வீடு திரும்பச் சொல்லியிருக்கிறேன்! 4000 என்று திருத்தினேன். அந்த 40 மீட்டரும் கிளம்பிய இடத்திலிருந்துதான் கணக்கு. சரிவில் மேட்டுப் பக்கம் போனால் தரையும் கூடவே ஏறிவரும், திரையில் உள்ள எண்ணுக்கு அது தெரியாது. அதனால் பள்ளத்துப் பக்கமே அனுப்பினேன்.

பனிமூட்டம் மேலேறி வருவதைக் கண்டதும் சுவிட்சைத் தட்டினேன். நேராக எழும்பி, மரங்களுக்கு மேலே வந்து, காபி உலர்த்தும் களத்துக்கு நேர் மேல் 5 விநாடி நின்று, பிறகு இறங்கியது. குச்சியை நான் தொடவில்லை. தரையில் உட்கார்ந்த பிறகும் திரையில் உயரம் கழித்தல் 2 மீட்டர் என்றே காட்டியது. காற்று நேராக அடிக்காமல் தடுக்கும் ஸ்பாஞ்சை பாரோமீட்டர் மேல் ஒட்டாமல் விட்டிருக்கிறேன். குளிரா, காற்றா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.